எண்ணெய் குடிக்காத சீலை

போன மாதம் ஜனனி எனக்குப் போன் எடுத்தா. ரொறன்ரோவின் ஓரத்தில், மில்லிக்கனில் நான் வேலை செய்த பட்டறையில், நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவ அவதான். ரொறன்ரோவில் வளர்ந்தவ. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"அங்கிள், பிஸியோ? ஒரு குவெஸ்ச்சன். சீலையை ஏன் தட்டில படுக்கப்போட்டே காயவிடுறம்? கொடியில தொங்கவிட்டா ஸ்பேஸ் மிச்சம் எண்டு புது மனேஜர் சொல்றார். வை நொட்?"

"தொங்கவிட்டா எண்ணெய் கீழ்க்கரைக்கு இறங்கிடும் பிள்ளை. மேல்கரை காய்ஞ்சு கிடக்கும், கீழ்க்கரை ஊறிப்போய்க் கிடக்கும். பேந்து அதில வெட்டுற துண்டு ஒண்டும் மற்றதைப்போல இராது."

"ஆனா அது அவ்வளவு பெரிய டிஃபரன்சோ?"

பெரிய வித்தியாசம்தான் என்று சொல்லி, ரூத்தின் கதையைச் சொன்னேன். போனில் சொல்லத் தொடங்கி, தேநீர் ஆறிப்போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். "உதை எழுதுங்கோ அங்கிள், நான் மனேஜரிட்ட இங்கிலீஷில சொல்றன்" என்றா. மனேஜருக்காக இல்லாவிட்டாலும் எழுதத்தான் வேண்டும் என்று பட்டது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டை வைத்து, தண்டால் இடித்து இறக்கிச் சுடுகிற பழங்காலத் துவக்குகள் உண்டு. வன்னியில் வேட்டைக்காரர் வைத்திருந்த இடியன் துவக்கின் பணக்காரச் சகோதரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே அவற்றை வைத்து ஆட்கள் கடதாசி இலக்கில் சுட்டுப் போட்டி நடத்துகிறார்கள். இடியனின் குழல் உள்ளே வழுவழுப்பாக இருக்கும். இவற்றின் குழலில் திருகாணி போலப் புரி வெட்டியிருக்கும். குண்டு குழலை விடச் சற்றுச் சிறியது. அதைச் சுற்றி, பருத்தித் துணியில் வெட்டிய, எண்ணெய் ஊறிய ஒரு வட்டச் சீலைத் துண்டை வைத்து இறக்குவார்கள். புரியைப் பிடிப்பது குண்டு அல்ல, சீலைதான். சுடும்போது குண்டைச் சுழற்றி வெளியே அனுப்பிவிட்டு, அந்தச் சீலை கழன்று கொஞ்சத் தூரத்தில் புல்லில் விழும்.

அந்தச் சீலைத் துண்டுகளைச் செய்வதுதான் எங்கள் வேலை. எண்ணெய் குறைந்தால் சீலை கருகும், மருந்தின் கரி குழலில் கட்டிபட்டு அடுத்த குண்டு இறங்காது. கூடினால் குண்டு வழுக்கும், மருந்தும் நனையும். ஆனால் கொஞ்சம் கூடுதலோ குறைவோ, எல்லாத் துண்டிலும் ஒரே அளவாக இருந்துவிட்டால் சுடுகிறவர் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்வார். ஒன்றுக்கொன்று மாறினால்தான் துன்பம். ஒரு குண்டு வேகமாகப் போகும், அடுத்தது சோம்பலாகப் போகும். பிடித்த பிடியும் பார்த்த பார்வையும் சரியாக இருந்தாலும் ஒன்று மேலே படும், ஒன்று கீழே படும்.

நான் இந்த வேலைக்கு வந்தது துவக்கைத் தெரிந்து அல்ல, சீலையைத் தெரிந்து. யாழ்ப்பாணத்தில் ஒரு நெசவுசாலையில் தரம் பார்ப்பவனாக இருந்தவன். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோ வந்து, கட்டடம் துடைத்து, பாண் பேக்கரியில் தட்டு அடுக்கி, இடுப்புப் பிடித்துப்போய் இருந்த நேரம், சீலை தெரிந்த ஆள் தேவை என்று ஒரு பிளாசாவின் பின்பக்கக் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். கதவைத் திறந்தவர் வால்ட்டர். உயரமான, கொஞ்சம் கூனிய மனிதர். என்ன ஏது என்று கேட்காமல், மெத்தை உறை தைக்கிற கோடுபோட்ட தடித்த பருத்திச் சீலை ஒன்றைக் கையில் தந்தார். நான் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, கஞ்சி இன்னும் முழுக்கப் போகவில்லை என்றேன். "ஓம், எனக்கும் அப்படித்தான் பட்டது. திங்கட்கிழமை வாறீர்களா?" என்றார். சீலை எதற்கு என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் அதைச் சொன்னதும் என் மனைவி ரஞ்சினி சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டா. அவவின் தம்பியை வீதியில் வைத்துச் சுட்டார்கள். சைக்கிளில் பாண் வாங்கப் போனவன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. துவக்கு என்ற சொல்லே புழங்காத வீடு அது. "சீலை வெட்டுற வேலைதான் ரஞ்சி. நான் அதுகளைத் தொடுறதில்லை" என்றேன். "தொடாதேங்கோ" என்று மட்டும் அறைக்குள் இருந்து பதில் வந்தது. ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் சிநேகிதர் ஒருவர், "துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவர், இஞ்ச வந்து துவக்குக்கு உடுப்புத் தைக்கிறார்" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை.

வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுச் சீலையில் கஞ்சி இருக்கும்; அது போக இரண்டு தரம் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். கழுவிக் காய்ந்த சீலையின் தடிப்பை நாலு மூலையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். இரும்பு கடையும் பட்டறைகளில் பாவிக்கிற, தண்ணீரில் கரையும் எண்ணெய் ஒன்றை எடுத்து, தண்ணீரையும் அதையும் நிறுத்துக் கலக்க வேண்டும். ஊற்றி அளப்பதை வால்ட்டர் விடமாட்டார். குளிர்நாளில் எண்ணெய் தடிக்கும், வெயில்நாளில் இளகும், நிறை மட்டும் மாறாது என்பார். அதில் சீலையை ஊறவைத்து, இரண்டு ரப்பர் உருளைகளுக்கிடையில் பிழிந்து, தட்டுகளில் சுருக்கமில்லாமல் படுக்கப்போட்டு, காய்ந்த பிறகு வட்டமாக வெட்டித் தகரப் பேணியில் அடைக்க வேண்டும். பேணியின் அடியில் அந்தந்தக் கிழமைக்கென்று ஒரு நிறத்தில் பொட்டு வைப்போம்.

வால்ட்டர் ஒருநாளும் பிழை என்று சொன்னதில்லை. பிழைத்துப்போன துண்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். "என்ன தெரிகிறது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு அவசரமே இராது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், "எனக்கும் இன்னும் தெரியவில்லை" என்று தானும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிடுவார். பரமேஸ்வரன் என்ற என் பெயரை அவர் சுருக்கி "பாரம்" ஆக்கியிருந்தார். அதன் அர்த்தத்தைச் சொன்னபோது நெடுநேரம் யோசித்து, "அப்படியானால் தராசு வேலைக்குப் பொருத்தமான பெயர்" என்றார்.

கிழமைக்கொரு முறை, செய்த துண்டுகளை நகரத்துக்கு வடக்கே இருக்கும் சுடுதளத்துக்கு அவரே கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்து, புல்லில் விழுந்தவற்றைப் பொறுக்கி வருவார். என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதுமில்லை. பொறுக்கிய துண்டுகளை மேசையில் பரப்பி நாங்கள் வாசிப்போம். நடுவில் வட்டமாக ஒரு மண்ணிறக் கறை, கரைகள் விசிறிபோல விரிந்திருந்தால் நல்லது. நடு கருகி ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் போதாது. சுற்றிவரக் கத்தியால் கீறினதுபோல வெட்டு இருந்தால் குழலின் புரி கூராக இருக்கிறது, சீலையில் குற்றமில்லை. சுட்ட சீலை பொய் சொல்லாது என்று நான் நம்பத் தொடங்கியது அந்த மேசையில்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு மாரி, கடும் குளிர்காலம். வால்ட்டர் பனியில் வழுக்கி விழுந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டார். அதே கிழமை பட்டறையின் கழுவும் மெசினும் நின்றுபோனது. திருத்த வந்தவன் ஒரு பாகம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக, சீலைகளை அதே பிளாசாவில் இருந்த லோன்றிக்குக் கொடுத்தோம். கழுவி, காயவைத்து, மடித்து வந்தன. தடிப்பு சரி. கஞ்சி இல்லை. எண்ணெயில் ஊறவைத்துக் காயவிட்டு வெட்டினேன். கையில் கட்டுப் போட்டிருந்ததால் வால்ட்டரால் சுட்டுப் பார்க்க முடியவில்லை. பேணிகள் அப்படியே வாங்குகிறவர்களுக்குப் போயின.

பனி கரைந்து ஆட்கள் மறுபடி சுடத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலை ரூத் பட்டறைக்கு வந்தா. அறுபதைத் தாண்டிய பெண்; பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவ. எங்களிடம் நெடுங்காலமாகச் சீலை வாங்குபவ. வால்ட்டர் அவவைப் பற்றி, தன்னைவிட நன்றாகச் சுடுபவர் என்று எப்போதும் சொல்வார். கூடவே அவவின் கணவர் கென் வந்திருந்தார். அவர் கதவடியிலேயே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

ரூத் ஓர் இலக்குக் கடதாசியை மேசையில் விரித்தா. குண்டுகள் மேலிருந்து கீழாக, மழைத்துளி வடிந்ததுபோலச் சிதறிக் கிடந்தன.

"என் வலது கண்ணின் நடுவில் ஒரு மங்கல் வந்திருக்கிறது, வால்ட்டர்" என்றா. "அது இன்னும் கூடிக்கொண்டு போகும் என்று டொக்டர் சொல்கிறார். எவ்வளவு கெதியாக என்று அவருக்கும் தெரியாது. கென் கண்தான் காரணம் என்கிறார். கிளப்பில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், என்னிடம் அல்ல, எனக்குப் பின்னால். இந்த இலையுதிர்காலப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதா, துவக்கைக் கொடுத்துவிடுவதா என்று நான் முடிவெடுக்க வேண்டும். கெஞ்ச வரவில்லை. இது என் கண்ணா, உங்கள் சீலையா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்."

வேறொரு முதலாளி என்றால் எங்கள் சீலை நல்லது அம்மா என்று சொல்லியிருப்பார். இல்லாவிட்டால், பாவம் என்று நினைத்து, சீலைதான் பிழை என்று சொல்லியிருப்பார். வால்ட்டர் கடதாசியை யன்னலுக்குக் கொண்டுபோய், இடது கையால் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார். "சனிக்கிழமை சுட்டுப் பார்ப்போம்."

அவர்கள் போன பிறகுதான் சிக்கல் உறைத்தது. வால்ட்டரால் கார் ஓட்ட முடியாது. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே குனிந்து சீலை பொறுக்கவும் முடியாது. சுடச்சுடப் பொறுக்கினால்தான் எந்தச் சீலை எந்தக் குண்டுக்குரியது என்று தெரியும். அவர் என்னைக் கேட்கவில்லை. கிளப்பில் யாரையாவது பிடிக்கலாம் என்று போனை எடுத்தார். அந்தச் சீலைகளை ஊறவைத்தது நான், பிழிந்தது நான், வெட்டியது நான். "நான் வாறன்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் யோசித்துச் சொல்லலாம்" என்றார். யோசித்தால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை நல்ல வெயில். நீண்ட புல்வெளி, கடைசியில் மண்மேடு, நூறு யார் தூரம் தள்ளி இலக்குக் கடதாசி. காதை மூடும் பஞ்சுக் குவளைகளை வால்ட்டர் தந்தார். ரூத் துவக்கை நிமிர்த்திப் பிடித்து, மருந்து அளந்து கொட்டி, அந்த மாரியில் செய்த சீலையை வைத்துக் குண்டை இறக்கி, மேசையில் மணல் மூட்டைமேல் துவக்கை வைத்தா. எல்லாம் ஆறுதலாக, சமையல் செய்வதுபோல. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெடித்தபோது நான் நிலத்தில் கிடந்தேன். எப்படி விழுந்தேன் என்று தெரியாது. முகம் புல்லுக்குள், இரண்டு கையும் தலைக்குமேல். வாயில் மண். வெண்புகை வந்து மூடியது. அழுகிய முட்டை போன்ற அந்த மணம் தொண்டைக்குள் இறங்கியது. ஆறேழு வருடம் பொறுமையாகக் கட்டி வைத்த ஒன்று ஒரு கணத்தில் விழுந்துபோன வெட்கம். எழும்பி, காற்சட்டையைத் தட்டினேன். கென் வேறெங்கோ பார்த்தார். வால்ட்டர் கிட்ட வந்து பக்கத்தில் நின்றார்.

ரூத் துவக்கை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. எந்த நாட்டில் இருந்து வந்தாய், என்ன நடந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. "நான் ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முதல் சொல்கிறேன். நீங்கள் ஓம் என்று சொன்ன பிறகுதான் சுடுவேன்" என்றா.

அப்படியே செய்தா. குண்டை இறக்கி, தோளில் வைத்து, "இப்போது" என்பா. நான் என் கால்களை ஊன்றி, மூச்சை இழுத்து, "ஓம்" என்பேன். பிறகு வெடிக்கும். ஆனால் நின்றேன். நான் ஓம் சொல்லப் பிந்தினால் அவ துவக்கை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பிடிப்பா. நன்றாகச் சுட நினைக்கிற ஒருவருக்கு அது எவ்வளவு கரைச்சல் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. தோளில் வைத்த துவக்கோடு இன்னொருவருடைய மூச்சுக்காகக் காத்திருப்பது கை களைத்துப்போகிற வேலை.

மாரிச் சீலையில் சுட்டவை மறுபடியும் மேலும் கீழுமாக வடிந்தன. நான் பொறுக்கி வந்த துண்டுகளில் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் எண்ணெய் மினுங்க வெள்ளையாக இருந்தது. ஒரே துண்டில் பஞ்சமும் வெள்ளமும். வால்ட்டர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். "சீலை எண்ணெயை ஒழுங்காகக் குடிக்கவில்லை. ஏன் என்று தெரியாது" என்றேன்.

அடுத்ததாக, மாரிக்கு முதல் செய்த, வேறு நிறப் பொட்டு வைத்த பேணி. ரூத் குழலைத் துடைத்துவிட்டுச் சுட்டா: அதே மருந்து, அதே குண்டு, பழைய சீலை. அவ சுட்டு முடிந்ததும் கென் போய்க் கடதாசியைக் கழற்றி வந்தார். வடிந்த கோடு போய்விட்டது. குண்டுகள் வட்டமாக விழுந்திருந்தன. எங்களுக்கு மூச்சு வந்தது. "பார்த்தாயா!" என்றார் கென். அவர் உண்மையாகவே சந்தோசப்பட்டார்.

ரூத் சந்தோசப்படவில்லை. அந்த வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. கை முழுவதும் தேவைப்பட்டது. "போன வருடம் இதை இரண்டு விரலால் மூடியிருப்பேன்" என்றா.

வால்ட்டர் அந்தக் கடதாசியை மடித்து வைத்தார். பிறகு, "கென், நீங்கள் சுடுங்கள். ரூத்தின் துவக்கு, இதே பேணி" என்றார்.

கென் மறுத்தார். தான் நல்லாகச் சுடுபவன் அல்ல என்றார். அது உண்மைதான், அதனால்தான் அவரைக் கேட்டார் வால்ட்டர். ரூத் எழுந்து இடம் விட்டா. கென்னும் என்னிடம் "இப்போது" என்று சொல்லிச் சொல்லியே சுட்டார். கடைசிக் குண்டு போன பிறகு அவர் தொலைநோக்கியில் இலக்கைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. முதுகை எங்களுக்குக் காட்டியபடி, மணல் மூட்டையைத் தடவிக்கொண்டு இருந்தார். நான் போய்க் கடதாசியை எடுத்து வந்தேன். குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு போத்தல் மூடிக்குள் அடங்கக் கிடந்தன.

வால்ட்டர் ரூத்துக்கு எதிரே இருந்தார். "மேலும் கீழும் போனது எங்கள் பிழை. அது என் பட்டறையில் நடந்தது, நான் கண்டுபிடிப்பேன். மிச்சம் சீலையில் இல்லை. துவக்கிலும் இல்லை."

"என் கண்" என்றா ரூத்.

"ஓம்."

கென் அப்போதுதான் திரும்பினார். "நான் சொன்னபோது... நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை, ரூத்" என்றார்.

"நீ சொன்னபோது உனக்குத் தெரியாது. ஊகித்தாய். இப்போது தெரியும். இரண்டும் ஒன்றல்ல" என்றா அவ. கோபமாகச் சொல்லவில்லை. கருமருந்து வைக்கும் தன் கொம்புக் குப்பியையும் பேணியையும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினா. போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஓம் சொன்னதற்கு நன்றி" என்றா.

வீட்டுக்கு வந்தபோது ரஞ்சினி கதவைத் திறந்தா. திறந்த இடத்திலேயே நின்றா. என் சேட்டில் இருந்த மணம் அவவுக்குத் தெரியாத மணமல்ல.

"எங்க போனனீங்கள்?"

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. விழுந்ததையும் சொன்னேன். அவ சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தா. ரூத் ஒவ்வொரு வெடிக்கு முதலும் சொல்லி, நான் ஓம் என்னும்வரை காத்திருந்த கதையைச் சொன்னதும் அவவின் முகம் மாறியது.

"எங்களுக்கு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லிப்போட்டுச் சுடேல்லையே" என்றா.

அவ்வளவுதான். பிறகு அழுதா. அந்தத் தம்பிக்காக அவ என் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. பாண் வாங்கப் போனவன் என்ற ஒரு வரியைத் தவிர நான் அறியாதிருந்தவற்றை அன்றைக்குச் சொன்னா. அவன் அன்று போட்டிருந்த நீலச் சேட்டு, சைக்கிளின் மணி வேலை செய்யாதது, தான் போகிறேன் என்று சொன்ன அவவை அவன் வேண்டாம் அக்கா என்று தடுத்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

பிறகு, எதையாவது செய்ய வேண்டும் போல இருந்திருக்க வேண்டும், "இஞ்சாருங்கோ, உந்தச் சேட்டைக் கழட்டித் தாங்கோ, தோய்க்கப்போடுறன்" என்று வாங்கி, பையைத் தட்டினா. எண்ணெயில் ஊறவைக்காத, கழுவி மட்டும் வந்த சீலை ஒரு துண்டு பையில் கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுபோனது. அதை மூக்கில் வைத்துப் பார்த்தா.

"உது லோன்றியில ட்ரையருக்குள்ள போடுற வாசத்தாள் எல்லோ?"

"என்ன தாள்?"

"உடுப்பு மெத்தெண்டு வாறதுக்குப் போடுறவை. நான் துவாய்க்குப் போடுறேல்லை. போட்டா துவாய் தண்ணி குடியாது. துடைக்கத் துடைக்க ஈரம் அப்பிடியே கிடக்கும்."

நான் அந்தத் துண்டைக் குசினி மேசையில் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தண்ணீர் உருண்டு, சேம்பிலையில் நிற்பதுபோல நின்றது. பக்கத்தில் இன்னொரு சொட்டு. அது மெல்ல உள்ளே இறங்கியது. அந்தத் தாளின் மெழுகு பட்ட இடம் ஒன்று, படாத இடம் ஒன்று. எங்கள் எண்ணெயோ தண்ணீரில் கரைத்தது. மெழுகு இருந்த இடத்தால் வழிந்து, இல்லாத இடத்தில் போய்த் தேங்கியிருக்கிறது.

திங்கட்கிழமை வால்ட்டருக்கு அதைச் செய்து காட்டினேன். அவர் தானும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் லோன்றிக்குப் போனோம். அதை நடத்திய பெண்மணி, நல்ல சீலை போல இருந்தது, வாசமாக வரட்டும் என்று தானே இலவசமாகப் போட்டதாகப் பெருமையோடு சொன்னா. வால்ட்டர் அவவுக்கு நன்றி சொன்னார். வெளியே வந்து, "எப்படிக் கழுவ வேண்டும் என்று நாம் அவருக்குச் சொல்லவில்லை" என்றார். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

அந்த நிறப் பொட்டு வைத்த பேணி வாங்கிய எல்லோருக்கும் வால்ட்டர் ஒற்றைக் கையால் போன் சுழற்றினார். நான் புதுச் சீலை செய்து அனுப்பினேன். பலர் வித்தியாசமே உணரவில்லை. ஒருவர் மட்டும், "பிழை என்னில்தான் என்று நினைத்து நான் கண்ணாடியை மாற்றி, தோள்பட்டைக்கு வைத்தியம் பார்த்து, கோப்பி குடிப்பதையும் விட்டுவிட்டேனே" என்று கத்தினார். கத்தி முடித்து, கோப்பி குடிக்கப் போகிறேன் என்று போனை வைத்தாராம். இதன்பிறகு சீலை எங்கே கழுவி வந்தாலும், எண்ணெயில் போட முதல் பல இடங்களில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கமானது. ஜனனி இன்றைக்கும் செய்கிறா. ஏன் செய்கிறோம் என்றுதான் அவவுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

ரூத் அந்த இலையுதிர்காலப் போட்டிக்குப் போகவில்லை. துவக்கைக் கொடுத்துவிட்டா என்றுதான் நான் நினைத்தேன். குளிர் தொடங்குகிற நேரம் ஒருநாள் தனியாகப் பட்டறைக்கு வந்தா.

"என் இடது கண் நன்றாக இருக்கிறது. இடது தோளில் வைத்துச் சுடப் பழகுகிறேன்" என்றா. "குழந்தைப்பிள்ளை கரண்டி பிடிப்பதுபோல இருக்கிறது. எல்லாம் தலைகீழ். நிற்கிற நிலை, கை, மூச்சு, எல்லாம். ஆகவே மாறாமல் ஒன்றாவது இருக்க வேண்டும். எனக்கு ஒரே சீலை வேண்டும். நான் பிழைத்தால் அது நான்தான் என்று தெரிய வேண்டும்."

வால்ட்டர் என்னைப் பார்த்தார். நான் போய் இறாக்கையில் இருந்து முழுச் சீலை உருளை ஒன்றை இறக்கி, அதில் ரூத்தின் பெயரை எழுதி, தனியாக வைத்தேன். அதில் இருந்து வேறு ஒருவருக்கும் வெட்டவில்லை. ஒரே உருளை, ஒரே நிறை, ஒரே தட்டு. அவவுக்கான துண்டுகளைச் செய்யும் நாட்களில் நான் வேறு வேலை எடுப்பதில்லை. மாதம் ஒருமுறை அவ வந்து, சுட்ட சீலைகளை மேசையில் கொட்டுவா. மூவரும் இருந்து வாசிப்போம். சீலைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இலக்குக் கடதாசிகள்தான் பார்க்கச் சகிக்காது. முதல் வருடம் சில குண்டுகள் கடதாசியிலேயே படவில்லை. அவ அதையும் ஒளிக்காமல் கொண்டுவந்து விரிப்பா.

இரண்டாவது இலையுதிர்காலத்தில் அவ போட்டிக்குப் பெயர் கொடுத்தா. வால்ட்டரும் நானும் போனோம். நான் துவக்கைத் தொட்டதில்லை, இன்றுவரை இல்லை. காதை மூடிக்கொண்டு, பின்வரிசையில், கென்னுக்குப் பக்கத்தில் நின்றேன். பலர் ஒரே நேரத்தில் சுட்டார்கள். அங்கே யாரும் எனக்குச் சொல்லிவிட்டுச் சுட முடியாது. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு அதிர்ந்தது. நின்றுகொண்டேன். கென் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்காகவா தனக்காகவா என்று தெரியாது.

ரூத் நடுவில் எங்கோ வந்தா. முதல் வரிசையும் இல்லை, கடைசியும் இல்லை. கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தபோது முகம் சிவந்து, பயங்கரக் கோபத்தில் இருந்தா. வால்ட்டர் கடதாசியை வாங்கி வெயிலில் பிடித்தார். நல்ல இறுக்கமான கூட்டம், இரண்டு குண்டு மட்டும் வலப்பக்கம் தள்ளிப் போயிருந்தன.

"என்ன தெரிகிறது?" என்று கேட்டார்.

"காற்று!" என்றா ரூத். "அந்தப் பாழாய்ப்போன காற்று. மேட்டுக்குப் பக்கத்தில் புல் ஆடினதைக் கண்டேன், கண்டுகொண்டே சுட்டேன். முட்டாள் நான்!"

நூறு யார் தூரத்தில் புல் ஆடினதைக் கண்டதாகச் சொன்னதை அவ கவனிக்கவில்லை. கென் கவனித்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ரூத்தோ, சுட்டு முடித்து வந்து ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டு நின்ற மற்றவர்களுக்குள் போய் நின்று, அவர்களோடு சேர்ந்து காற்றைத் திட்டிக்கொண்டிருந்தா.